காசியம்மாளின் இடது கன்னம்

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இறங்கும் சாலையில் நான்கு வளைவு நடந்திருப்பேன், மதியப் பேருந்து பின்னால் வந்தது. ஓட்டுநருக்கு என்னைத் தெரியும். வேகத்தைக் குறைத்து இரண்டு முறை ஹாரன் அடித்தார். ஓரமாக ஒதுங்கி, போகச் சொல்லிக் கையை ஆட்டினேன். ஏறியிருந்தால் யாராவது ஒருவர் எழுந்து, "கம்பவுண்டருக்கு எடம் வுடுங்க" என்று சொல்லியிருப்பார். எட்டு வருடமாக அந்த மரியாதையில் உட்கார்ந்து போனவன்தான். அன்றைக்கு முடியவில்லை.

தோளில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் மூன்று குறடு, வேரை நெம்புகிற கருவி ஒன்று, ஊசிகள், பஞ்சு, பாதி தீர்ந்த மரத்துப்போகிற மருந்துப் புட்டி. எல்லாம் நான் வேலை பார்த்த பல் டாக்டருடையவை. இருட்டுவதற்குள் கள்ளக்குறிச்சி போய் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. அதற்குப் பிறகு என்ன என்று யோசிக்கவில்லை. வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல.

இதை இப்போது எழுதக் காரணம் என் அக்கா மகள். கள்ளக்குறிச்சியில் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறாள். அதற்கென்று இரண்டு வருடம் படித்தவள். அவளுடன் வேலை செய்கிற பெண்கள், "உங்க மாமா அந்தக் காலத்துல மலையில பல்லு புடுங்கினாராமே, ஏன் வுட்டுட்டார்?" என்று கேட்டார்களாம். "ஏன் மாமா?" என்று என்னிடம் கேட்டாள். வயிறு சரியில்லாமல் விட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பொய். உண்மையைச் சொல்வதைவிட எழுதித் தருவது எனக்குச் சுலபம்.

திருநாவலூர் பக்கம் பிறந்தவன். எட்டாவதோடு பள்ளி முடிந்தது. உளுந்தூர்பேட்டையில் பரோட்டாக் கடை, பிறகு போர்வெல் லாரியில் ஒடிசா வரைக்கும், பிறகு கரும்பு வெட்டு, திருக்கோவிலூரில் ஒரு வருடம் மரக்கடை. அதுவரை எங்கேயும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. சண்டை ஒன்றுமில்லை, கால் நிற்காது, அவ்வளவுதான். கள்ளக்குறிச்சியில் டாக்டரிடம் முதலில் சேர்ந்தது தரை துடைக்கத்தான். ஒரு மாதத்தில் கருவி கழுவ விட்டார். குக்கரில் வைத்து எத்தனை விசில், எதை எந்தத் தட்டில், எந்தக் கையால் நீட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். ஒரு வருடத்தில் ஊசி போட விட்டார். அதற்கடுத்த வருடம் பல் எடுக்க விட்டார். சட்டப்படி இரண்டும் தப்பு. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டாக்டர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தியே பேசமாட்டார். கைகழுவ மட்டும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும். கழுவிக்கொண்டே நாற்காலியில் இருப்பவரிடம் ஊர்க்கதை கேட்பார். "கெழங்கு இன்னா வெல போவுது? போன வருசத்துக்குக் கம்மியா?" அந்த ஆள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊசி உள்ளே போயிருக்கும். சந்தேகம் வந்தால் முகத்தில் காட்டமாட்டார். எந்தப் பல் என்று தெரியாவிட்டால் கண்ணாடிக் கருவியின் காம்பால் வரிசையாகத் தட்டுவார். சொத்தைப் பல்லைத் தட்டினால் ஆள் துள்ளுவான். அப்போதும் தெரியாவிட்டால் ஒரு பக்கத்துக்கு மரத்துப்போகும் ஊசி போடுவார். வலி நின்றால் அந்தப் பக்கத்துப் பல்தான். இதுதான் அவருடைய முறை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியாகத்தான் வந்தது.

சந்தை நாளில் மலைக்கு வருவோம். வெள்ளிமலையில் ஒரு கடையின் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தார். கொஞ்ச நாளில் கீழே கள்ளக்குறிச்சியில் அவருக்குக் கூட்டம் ஜாஸ்தியாகிவிட்டது. மலைக்கு என்னை மட்டும் அனுப்ப ஆரம்பித்தார். "வேரு வளைஞ்சிருந்தா கீழ அனுப்பிடு. மத்தத நீயே பாத்துக்க." நான் பார்த்துக்கொண்டேன். மலைக்காரர்கள் என்னைக் கைராசிக்காரன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். டாக்டரே ஒரு நாள் வந்திருந்தபோது ஒரு பெரியவர் வாயைத் திறக்க மறுத்து, "அந்தக் கருப்பு கம்பவுண்டரு கைதான் வேணும்" என்று அடம்பிடித்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே விலகினார். அன்று எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

காசியம்மாளை டாக்டரும் நானும் சேர்ந்துதான் முதலில் பார்த்தோம். மாசி மாதம், மலையில் புளி உலுக்கும் காலம். அவள் புருசன் சின்னையன் மரத்தின் மேலிருந்து தொரட்டியால் கிளையை இழுத்திருக்கிறான். தொரட்டியின் கத்தி கட்டவிழ்ந்து நேராகக் கீழே நின்றவளின் முகத்தில் விழுந்துவிட்டது. இடது கண்ணுக்குக் கீழே தொடங்கி மேலுதட்டு ஓரம் வரைக்கும் வெட்டு. மூன்று மணி நேரம் கழித்து ஜீப்பில் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தில் அடி என்றால் எங்களிடம்தான் வருவார்கள்.

டாக்டர் தைத்தார். நான் விளக்கைப் பிடித்தேன். கண்ணுக்கு ஒரு விரல் கீழே, கன்னத்து எலும்பின் மேல், வெள்ளையாக நூல் பிரிந்தது போல ஏதோ தெரிந்தது.

"சார், இது இன்னா?"

"கொழுப்பு. வெளக்க இந்தப் பக்கம் காட்டு."

கொழுப்பு நூல் நூலாகப் பிரியாது என்பது கறிக்கடைக்குப் போன எவனுக்கும் தெரியும். நான் விளக்கை அந்தப் பக்கம் காட்டினேன். தையல் அழகாக இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. பத்து நாளில் நான்தான் பிரித்தேன். மெல்லிய கோடு மட்டும் நின்றது. சின்னையன் டாக்டரின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

இரண்டு மாதம் கழித்து அவள் சந்தைக்கு வந்தாள். முந்தானையைத் தலையில் போட்டு, இடது கன்னத்தை விட்டு ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தாள். துணி கன்னத்தில் படக்கூடாது, காற்றும் படக்கூடாது. இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. வலது இடுப்பில் மட்டும்தான் வைத்திருந்தாள்.

"இன்னாம்மா, காயம்தான் ஆறிடுச்சே?"

"காயம் ஆறிடுச்சுண்ணா. உள்ள எரியுது. மொளகாய அரச்சுத் தடவுன மாதிரி. திடீர்னு சுருக்குனு இழுக்குது, பல்லு பல்லா இழுக்குது."

விரலால் கன்னத்தை அழுத்தினேன். பொறுத்துக்கொண்டாள். பஞ்சால் லேசாகத் தொட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோரம் போய் நின்றுவிட்டாள். அழுத்தினால் தாங்குகிறாள், பஞ்சு பட்டால் துடிக்கிறாள். இது எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. பல்லை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒன்றிலும் துள்ளவில்லை. டாக்டரிடம் அனுப்பினேன். நான் செய்த சரியான காரியம் அது ஒன்றுதான்.

டாக்டர் தன் முறைப்படி ஊசி போட்டார். மேலுதட்டைத் தூக்கி, கன்னத்து எலும்புக்கு அடியில். மூன்று நிமிடத்தில் அவள் முகம் மாறியது. முந்தானையை விட்டாள். "போயிடுச்சு சார். ஒண்ணுமேயில்ல" என்று சொல்லி அழுதாள். வலி நின்றுவிட்டதே, அப்படியென்றால் பல்தான். கோரைப்பல்லுக்குப் பின்னால் இருந்த பல்லை எடுத்தார். அது சொத்தை இல்லை. கழுவும்போது பார்த்தேன், மாட்டுப்பல் மாதிரி உறுதியாக இருந்தது. அந்த ஊசி எந்த வலியையும் நிறுத்தும், பல் வலியை மட்டும் அல்ல. இது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் படித்தவர்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தாள். அடுத்த பல். ஆவணி முடிவதற்குள் நான்கு பல். ஒவ்வொரு முறையும் ஊசி, ஒவ்வொரு முறையும் வலி நின்றது, ஒவ்வொரு முறையும் வீடு போய்ச் சேர்வதற்குள் திரும்பியது. நான்காவது பல்லுக்குப் பிறகு டாக்டர், "உனக்கு மனசுலதாம்மா ஏதோ கஷ்டம். வூட்ல பிரச்சனையா?" என்றார். எப்போதும் போல மெதுவாகத்தான் கேட்டார். அவள் வாயில் பஞ்சு இருந்தது.

புரட்டாசியில் ஒரு சந்தை நாள். வரிசையில் காசியம்மாள் இருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்த கிழவி என்னிடம் வாயைத் திறந்துகொண்டே, "பாத்துப் புடுங்குப்பா, இது ஒண்ணுதான் பாக்கி. இதும் போச்சுன்னா எம்மருமவளக் கடிக்க ஒண்ணுமிருக்காது" என்றாள். வரிசையே சிரித்தது. காசியம்மாள் சிரிக்கவில்லை. சிரித்தால் கன்னம் இழுக்கும். அவள் முறை வந்ததும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பல்லு வாணாண்ணா. அந்த ஊசி மட்டும் போடுங்க."

"ஊசி ஒரு மணி நேரம்தாம்மா நிக்கும்."

"போதும்."

போட்டேன். அவள் வெளியே போய் அறையின் பின்பக்கம், தொட்டி இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். ஆட்கள் குறைந்தபோது எட்டிப் பார்த்தேன். முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். துண்டால் இரண்டு கன்னத்தையும் அழுத்தித் துடைத்திருந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி இடது தோளில் சாய்த்துக்கொண்டாள். குழந்தை அவள் கன்னத்தில் கையை வைத்து அறைந்தது, கிள்ளியது, வாயை வைத்து எச்சில் பண்ணியது. "இன்னாடி, இன்னாடி" என்று கேட்டுக்கொண்டே அவள் கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் நடந்து வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டில் குழந்தையின் கை முகத்தில் பட்டால் தன்னையறியாமல் தட்டிவிடுகிறாளாம். "வெடுக்குனு தள்ளிட்றண்ணா. வேணும்னு இல்ல. கை தானா போவுது. மாமியா, பெத்த புள்ளயத் தொட வுடாத இவ இன்னா பொம்பளங்கிறா. கொழந்தைக்கு வேற பயம் வந்துக்கினு இருக்குது."

அதிலிருந்து ஒவ்வொரு சந்தைக்கும் வந்தாள். நான் ஊசி போட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. மருந்து கணக்கில் இல்லாமல் போனது. அது எனக்குப் பெரிய தர்மம் மாதிரி இருந்தது. காசியம்மாளின் ஊரில் என் பெயர் பெரிதாகிவிட்டது. டாக்டர் நான்கு பல் எடுத்தும் நிற்காத வலி, கம்பவுண்டர் கை பட்டால் நிற்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கை அல்ல, மருந்து என்று நான் யாரிடமும் திருத்திச் சொல்லவில்லை.

கார்த்திகையில் சின்னையன் ஆட்டை விற்று அவளைப் பாண்டிச்சேரிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். இரண்டு நாள் பார்த்தார்களாம். எதையெதையோ வைத்துக் கன்னத்தைத் தொட்டு, எங்கே உணர்ச்சி இருக்கிறது, எங்கே இல்லை என்று மையால் கோடு போட்டார்களாம். ஒரு கடிதம் கொடுத்து, "உங்களுக்கு ஏற்கனவே பாக்கற டாக்டர்கிட்ட குடுங்க, அவர் மருந்து தருவார், ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பினார்கள். கூட்டத்தில் இவ்வளவுதான் அவர்களுக்கு விளங்கியது. காசியம்மாள் அந்தக் கடிதத்தை டாக்டரிடம் கொடுக்கவில்லை. சந்தை நாளில் என்னிடம் நீட்டினாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. இவருக்கும் தெரியாது. கைராசி உங்ககிட்டதான் இருக்குது. நீங்களே பாத்துக் குடுங்கண்ணா."

ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷ். வரிசையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எட்டாவது. இங்கிலீஷ் எழுத்து தெரியும். மருந்துப் புட்டியின் பெயரைக் கூட்டிப் படித்துவிடுவேன். அந்தக் கடிதத்தில் காசியம்மாளின் பெயரைத் தவிர ஒரு வார்த்தை எனக்கு விளங்கவில்லை. கண்ணை வரிவரியாக ஓட்டினேன். இரண்டு இடத்தில் தலையை ஆட்டினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"சரிம்மா. நாம பண்றதத்தான் அவங்களும் சொல்லியிருக்காங்க."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். அவள் கும்பிட்டாள். நான் சொன்னதே போதும் என்று, ஒரு மாதம் கழித்து அவர்கள் பாண்டிச்சேரிக்குப் போகவும் இல்லை.

அன்று சாயங்காலமே டாக்டரிடம் காட்டியிருக்கலாம். காட்டினால், அவளுக்கு நான் ஊசி போடுவது தெரிந்துவிடும். மருந்துக்கடை சுமதியிடம் காட்டியிருக்கலாம். சுமதி எங்கள் கட்டிடத்திலேயே கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்தாள். படித்தவள், வாய்த்துடுக்கு. என்னைப் பார்த்தாலே, "இன்னா டாக்டரே, இன்னிக்கு எத்தினி பேரு பொக்கையானாங்க?" என்பாள். அவளிடம் போய் எனக்குப் படித்துக் காட்டு என்று நிற்க மனம் வரவில்லை. கடிதம் ரெக்சின் பையின் பக்க உறைக்குள் போனது. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தேன். நாளைகள் போயின.

தை மாதம் மலையில் குளிர் காற்று. காசியம்மாளுக்கு அந்த மாதம் தாங்கவே முடியவில்லை. சந்தைக்குக் குழந்தை இல்லாமல் வந்தாள்.

"எங்க உன் பொண்ணு?"

"வரலண்ணா."

நாற்காலியில் உட்கார்ந்து, "பல்லு பல்லாதான் இழுக்குது. மிச்சத்தையும் எடுத்துடுங்க" என்றாள். வேண்டாம் என்றேன். என் காலைப் பிடித்தாள். இரண்டு பல் எடுத்தேன், ஒரே நாளில். இரண்டும் நல்ல பல். பையின் பக்க உறைக்குள், என் முழங்காலிலிருந்து ஒரு அடி தூரத்தில், அந்தக் கடிதம் இருந்தது.

மாசியில் ஒரு நாள் சுமதியின் கடையில் பஞ்சு வாங்க நின்றேன். பழைய பில்லைத் தேடிப் பையைக் கொட்டியபோது கடிதம் வெளியே விழுந்தது. அவள் எடுத்துப் பிரித்தாள். கேலி பண்ணத்தான் பிரித்தாள். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"இது எப்ப வந்துச்சு?"

"கார்த்திகையில."

"இந்தப் பொம்பளைக்கு மாத்திரை குடுத்தாச்சா?"

"இன்னா மாத்திரை?"

தமிழில் சொன்னாள். கன்னத்து வெட்டில் உணர்ச்சி நரம்பு அடிபட்டிருக்கிறது. தோல் ஆறிவிட்டது, நரம்பு சரியாக ஆறவில்லை. அதனால்தான் எரிச்சலும் இழுப்பும். பற்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, இனி ஒன்றையும் எடுக்க வேண்டாம். வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை ஒன்று இதற்குக் கேட்கும், குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்ட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. கடைசி வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு திரும்பி, பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினாள். அந்த மாத்திரை அங்கேதான் இருந்தது. தினமும் யாராவது வாங்கிக்கொண்டு போகிற சாதாரண மாத்திரை.

"இத்தினி நாள் இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த?" என்றாள். அன்று டாக்டரே என்று கூப்பிடவில்லை.

அடுத்த சந்தையில் சின்னையனைத் தனியாகப் பார்த்துக் கடிதத்தைக் கொடுத்தேன். "திரும்பப் பாண்டிச்சேரி போ. இதயே காட்டு. உடனே போ" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. நான் சொன்னால் போவான். காசியம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

இரண்டு மாதம் அவள் வரவில்லை. பிறகு சின்னையன் வந்தான், சிரித்துக்கொண்டே. "வலி பாதிக்கு மேல கொறஞ்சிடுச்சுண்ணா! சேலை பட்டா பொறுத்துக்கிறா. பாண்டிச்சேரி டாக்டரு சொன்னாரு, மோட்டாரு ஒயருல தோலு உரிஞ்சா தொட்ட எடமெல்லாம் ஷாக் அடிக்குதில்ல, அந்த மாதிரியாம். நீங்க வூட்டுக்கு வரணும். அம்மா கூப்புட்டாங்க. வந்தே ஆவணும்."

போகாமல் இருந்திருக்கலாம். சந்தை அறையைப் பூட்டிவிட்டு அடுத்த நாள் காலையில் போனேன். கோழி அடித்திருந்தார்கள். சாமைச்சோறு. சின்னையனின் அம்மா தன் கையால் பரிமாறினாள். "பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்புனது நீதாம்ப்பா. உன் கைராசிதான்" என்றாள். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் பல்லைக் காட்ட வந்து நின்றார்கள்.

குழந்தை பாட்டியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நெற்றியில், புருவத்துக்கு மேலே, ஒரு தழும்பு. காசியம்மாள் முந்தானை இல்லாமல், முகத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடது பக்கக் கன்னம் பல் இல்லாமல் உள்ளே போயிருந்தது. முப்பது வயதுகூட இருக்காது அவளுக்கு. "வாடி" என்று குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினாள். குழந்தை பாட்டியின் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டைப் பார்க்கப் போனாள். சின்னையன் எனக்குப் பலாப்பழம் பறிக்கப் போனான். காசியம்மாள் தண்ணீர் சொம்பை என் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணா, நாங்க மறுபடி போனப்போ அந்த டாக்டரு கேட்டாரு. இதத்தான அப்பவே எழுதிக் குடுத்தோம், யாருகிட்ட குடுத்தீங்கன்னு. நான் உங்களச் சொல்லல. கீழ டாக்டருகிட்ட குடுத்தோம்னு சொல்லிட்டன். அந்த லெட்டர்ல இன்னா எழுதிருந்துச்சு?"

பழியை டாக்டர் மேல் போட்டுவிடலாம். அவளே வழி பண்ணி வைத்திருந்தாள். வழியெல்லாம் அப்படிச் சொல்வதாகத்தான் யோசித்துக்கொண்டும் வந்திருந்தேன்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதும்மா. படிச்ச மாதிரி நடிச்சேன். மூணு மாசம் பையில வெச்சிருந்தேன். கடைசியா எடுத்த ரெண்டு பல்லும் அதுக்கப்புறம் எடுத்தது."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கன்னத்தில் கை வைத்தாள், மெதுவாக, விரல் நுனியால்.

"தை மாசம் எம்பொண்ணு வந்து முத்தம் குடுத்தா. நான் தூங்கிக்கினு இருந்தன். தூக்கத்துல எட்டித் தள்ளிட்டன். அம்மிக்கல்லுல போயி வுழுந்தா. அதுலருந்து எங்கிட்ட வர்றதில்ல. அதுவரைக்கும் வந்துக்கினுதான் இருந்தா."

தண்ணீர் சொம்பை எடுத்துத் திரும்பக் கீழே வைத்தேன்.

"எனக்குந்தான் படிக்கத் தெரியாது" என்றாள். "அத நான் உங்ககிட்ட மறைக்கலியேண்ணா. அத்தினி பேரு நடுவுலதான சொன்னன்."

வெளியே சின்னையனின் சத்தம் கேட்டது. "கம்பவுண்டரண்ணா, நல்ல பழமாப் பாத்து எடுத்திருக்கறன்!" காசியம்மாள் எழுந்து, நான் சாப்பிட்ட தட்டை எடுத்தாள்.

"இனிமே மேல வராதீங்க. வூட்ல யாருக்கும் ஒண்ணும் தெரிய வாணாம். தெரிஞ்சா இவரு உங்கள வெட்டிடுவாரு. பழத்த வாங்கிக்கினு போங்க."

பழத்தை வாங்கிக்கொண்டேன். சாலைக்கு வந்ததும் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு நடந்தேன்.

கோமுகி அணைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வடக்கனந்தலிலிருந்து ஒரு டிராக்டர்காரர் ஏற்றிக்கொண்டார். டாக்டர் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார். பையை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி போட்டதிலிருந்து கடிதம் வரைக்கும். அவர் ஒவ்வொரு விரலாகக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"லெட்டர எங்கிட்ட குடுத்திருக்கணும் நீ."

"குடுத்திருந்தா, சார்?"

அவர் குழாயை மூடினார். கொஞ்ச நேரம் துண்டைத் தேடினார். துண்டு அவர் தோளிலேயே இருந்தது.

"மொத்தம் ஆறு பல்லு. நாலு என்னுது, ரெண்டு உன்னுது. வெளிய போய்ச் சொல்லிக்கினு இருக்காத. உனக்குத்தான் கஷ்டம், உங்கிட்ட சர்ட்டிபிகேட் இல்ல."

அவர் சொன்னது உண்மை. நான் வெளியே யாரிடமும் சொல்லவில்லை, இன்றுவரை. அன்றே தைரியமாகப் போய்ச் சொல்லியிருந்தால் அவருடைய ஊசி முறை இன்னும் எத்தனை பேரின் நல்ல பல்லை எடுத்தது என்று தெரிந்திருக்கும். அதையும் செய்யவில்லை. பேருந்து நிலையத்தில் படுத்திருந்துவிட்டு விடிந்ததும் முதல் பேருந்தில் ஏறினேன். எந்த ஊருக்குப் போகிறது என்று பார்க்கவில்லை. சின்னசேலம் போயிற்று.

ஊருக்கு வெளியே, ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலை. வாசலில் மரவள்ளிக் கிழங்கு லாரிகள் நின்றிருந்தன. மேஸ்திரி பீடியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு முன்ன இன்னா வேலை?"

"ஒரு பல் ஆஸ்பத்திரியில."

"அட, அப்ப நல்லதாப் போச்சு. இங்க தோலு சீவுறப்ப பொம்பளைங்க கைய அறுத்துக்குவாளுங்க. தையல், ஊசி எல்லாம் போடுவ இல்ல?"

"போடமாட்டேன்."

"தெரியாதா, மாட்டியா?"

"மாட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கிழங்கு கழுவும் தொட்டியைக் கையால் காட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.